பவுத்திரப் பாதையை அறுப்பதா, அடைப்பதா?

தாமல் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறச் சுவர்களிலும், பேருந்து நிறுத்தத் தூண்களிலும் "மூலம், பவுத்திரம் – ஆபரேஷன் இன்றிக் குணம்" என்னும் விளம்பரங்களைக் காணாதவர் இருக்க முடியாது. எங்கள் புறநோயாளர் பிரிவுக்குப் பவுத்திரத்தோடு வருவோரில் கணிசமானோர் முதலில் அந்தச் சுவரைத்தான் நம்பிப் போயிருக்கிறார்கள். நோய் வந்து ஓராண்டோ ஈராண்டோ கழித்து, வேட்டியிலும் புடவையிலும் படியும் கறையை வீட்டாரிடம்கூட மறைத்துவிட்டு, வேறு வழியின்றி எங்களிடம் வருகிறார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்வதற்கில்லை. வெளியே சொல்லக் கூச்சப்படும் இடத்தில் வந்த நோய். அறுவை என்றதும் எழும் அச்சம். தறியிலிருந்து எழுந்தால் நின்றுபோகும் கூலி. இவை மூன்றும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் தள்ளிப்போடவே செய்வார்கள்.

அண்மைக் காலமாக இன்னொரு வகையான கேள்வியும் எங்களிடம் கேட்கப்படுகிறது. "கத்தி வைக்காமல், ஒட்டுப்பசை ஊற்றியோ, பிராணியின் சதையால் செய்த அடைப்பான் வைத்தோ, ஸ்டெம்செல் ஊசி போட்டோ பவுத்திரத்தை மூடிவிடலாமாமே?" என்று கைப்பேசியில் பார்த்ததைக் காட்டிக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை தர இயலாததால், இம்மாத இதழில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பவுத்திரம் என்பது என்ன?

மலக்குடலின் கடைசிப் பகுதியான ஆசனக் குழாயின் உட்புறத்தில் வழவழப்பான நீரைச் சுரக்கும் நுண்சுரப்பிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் வாய் அடைபட்டுச் சீழ் பிடிக்கும்போது, அச்சீழ் எளிதான வழியைத் தேடித் தசைகளுக்கிடையே பரவி, ஆசனவாய்க்கு அருகே தோலில் கட்டியாக எழும்பி உடைகிறது. கட்டி உடைந்ததும் வலி குறையும். நோயாளி நிம்மதி அடைவார். ஆனால் உள்ளிருக்கும் வாயும், வெளியே உடைந்த வாயும், இடையிலுள்ள சுரங்கமும் அப்படியே நின்றுவிடுவது உண்டு. அதுவே பவுத்திரம். வெளிவாய் சில நாள் மூடிக்கொள்ளும். பிறகு சீழ் சேர்ந்து வீங்கி மீண்டும் உடையும். களிம்பு தடவினாலும், ஆன்டிபயாட்டிக் மாத்திரை எத்தனை நாள் விழுங்கினாலும் சுரங்கம் மறைவதில்லை. சுரங்கத்தின் உள்வாய் மலத்தின் கிருமிகளுக்கு எந்நேரமும் திறந்திருப்பதே அதற்குக் காரணம்.

மூலம் வேறு, பவுத்திரம் வேறு. மூலத்தில் புடைத்திருப்பவை இரத்த நாளங்கள். பவுத்திரத்தில் இருப்பது சீழ்ப்பாதை. விளம்பரச் சுவர்களில் இரண்டும் ஒரே வரியில் எழுதப்படுவதால் மக்கள் மனத்திலும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மூலத்துக்குத் தரும் மருந்தைப் பவுத்திரத்துக்கு மாதக்கணக்கில் உண்டு வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் உள்ளன. உள்வளையம் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானே இறுகியிருப்பது. வெளிவளையம் நாம் அடக்கும்போது இறுகுவது. மலத்தையும் காற்றையும் நாம் விரும்பும் நேரம் வரை அடக்கிவைப்பவை இவையே. பவுத்திரப் பாதை இத்தசைகளுக்கிடையிலோ, இவற்றைத் துளைத்துக்கொண்டோ செல்கிறது. இலண்டனில் புனித மார்க்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஆலன் பார்க்ஸ் என்னும் அறுவை வல்லுநர், 400 நோயாளிகளின் பாதைகளை ஆராய்ந்து, 1976இல் அவற்றை நான்கு வகைகளாகப் பிரித்துக் காட்டினார். உலகெங்கும் மருத்துவர்கள் இன்றும் அந்தப் பிரிவினையையே பின்பற்றுகிறார்கள். எம்.ஆர்.ஐ. படம் எடுத்துவரச் சொல்லும்போது நாங்கள் தேடுவது, பாதை எவ்வளவு தசையைக் கடந்து செல்கிறது, கிளைகள் உண்டா, உள்ளே சீழ் தேங்கியிருக்கிறதா என்பவற்றைத்தான்.

பாதை தாழ்வாக, சிறிதளவு தசையை மட்டும் கடந்து சென்றால், அதை நெடுகத் திறந்துவிடுவதே சிறந்த சிகிச்சை. மூடிய சுரங்கம் திறந்த வாய்க்காலாகி, அடியிலிருந்து தசை வளர்ந்து ஆறிவிடும். பிரான்ஸ் நாட்டு மன்னன் 14ஆம் லூயிக்கு 1686 நவம்பரில் செய்யப்பட்டதும் இதே அறுவைதான். மயக்க மருந்தில்லாத காலத்தில் மன்னன் அதைத் தாங்கிக்கொண்டான், குணமும் அடைந்தான். இன்றும் எளிய பவுத்திரங்களில் இம்முறையால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைகிறார்கள். இவர்களுக்குப் பசையும் தேவையில்லை, அடைப்பானும் தேவையில்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் இக்கட்டுரையிலிருந்து எடுத்துச் சென்றாலும் பல குடும்பங்களுக்குப் பெருஞ்செலவு மிச்சமாகும்.

பாதை உயரமாகச் சென்று, வளையத் தசையின் பெரும்பகுதியைத் துளைத்திருந்தால் கதை வேறு. அதையும் அவ்வாறே திறந்தால் பவுத்திரம் போய்விடும். அதோடு அடக்கும் திறனும் போய்விடக்கூடும். சீழ்க்கறைக்கு அஞ்சி வந்தவர் மலக்கறையோடு வாழ நேர்வதைவிடக் கொடுமை வேறில்லை. பெண்களுக்கு முன்புறத் தசை இயல்பாகவே குறைவு. பிரசவத்தின்போது அது கிழிந்திருக்கவும் கூடும். எனவே அவர்களிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். தசையை அறுக்காமல் பாதையை மூட வழியுண்டா என்ற தேடல் இந்த அச்சத்திலிருந்துதான் பிறந்தது. உயிர்ப்பொருள்கள் இங்கேதான் வருகின்றன.

உயிர்ப்பொருள் என்றால் புதியது அல்ல

உயிரினங்களிலிருந்து பெறப்படும் பொருளைக் கொண்டு காயத்துக்கு மருத்துவம் செய்வதைக் காஞ்சிபுரத்தாருக்கு நாங்கள் விளக்கவே வேண்டியதில்லை. பட்டு நூலே அப்படிப்பட்ட பொருள்தான். பட்டுப்புழு தன் கூட்டுக்காக உமிழும் இழையில் இரண்டு புரதங்கள் உள்ளன: நடுவே உறுதியான இழை, அதன்மேல் பசை. சாயமேற்றும் முன் நூலை வேகவைத்துப் பசை நீக்குவதைச் சாயக்காரர்கள் நாள்தோறும் செய்கிறார்கள். அறுவைக்கூடத்தில் தையலுக்குப் பயன்படும் பட்டும் அவ்வாறே பசை நீக்கப்பட்டு, பின்னப்பட்டு, மெழுகு போன்ற பூச்சிடப்பட்டு வருவதுதான். பசையை விட்டுவிட்டால் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதிக் கூடுதலாக எதிர்க்கும். பவுத்திரப் பாதையில் நூலைக் கோத்துக் கட்டிவைக்கும் சிகிச்சையில் பட்டு இழை நெடுங்காலம் பயன்பட்டது. ஆட்டுக்குடலிலிருந்து செய்யப்பட்ட தையல் நரம்பும் அவ்வகையே.

நம் நாட்டில் இதற்கு இன்னும் பழைய வடிவம் உண்டு. அது காரநூல். வடமொழியில் க்ஷாரசூத்திரம் எனப்படும். சுசுருத சங்கிதையில் குறிப்பிடப்பட்டு, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சக்ரபாணிதத்தரின் நூலில் செய்முறை சொல்லப்பட்டது. பின்னர் வழக்கொழிந்து கிடந்தது. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. தேஷ்பாண்டே தலைமையில் அது மீட்டெடுக்கப்பட்டது. வலுவான லினன் நூலின்மேல் இலைக்கள்ளிப் பாலை 11 முறையும், கள்ளிப்பாலோடு நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரத்தை 7 முறையும், கள்ளிப்பாலோடு மஞ்சள் தூளை 3 முறையும், ஆக 21 முறை பூசி உலர்த்துகிறார்கள். இந்நூலைப் பாதையில் செலுத்திக் கட்டிவிட்டால், காரம் பாதையின் உட்பூச்சைச் சிறுகச் சிறுக அரித்தெடுக்கும். நூலின் இறுக்கம் தசையை மெல்ல மெல்ல அறுக்கும். அறுபட்ட பின்புறம் ஆறிக்கொண்டே வரும். வாரந்தோறும் பழைய நூலின் நுனியில் புதிய நூலைக் கட்டி இழுத்து மாற்றுவார்கள். தறியில் பாவு தீரும்போது பழைய இழைகளோடு புதிய இழைகளைப் பிணைத்து இழுக்கும் வேலையைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இதனை நாட்டு வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் 502 நோயாளிகளைக் கொண்டு நடத்தி, 1991இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், காரநூல் கட்டியவர்களில் 4 விழுக்காட்டினருக்கும் அறுவை செய்துகொண்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பி வந்தது. ஆறுவதற்கு ஆன காலமோ காரநூலில் ஏறத்தாழ 8 வாரம், அறுவையில் 4 வாரம். தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் காரநூல் சிகிச்சை தரப்படுகிறது. எங்களிடம் வரும் நோயாளி முறையாகப் பயின்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் காரநூல் கட்டிக்கொள்ள விரும்பினால் நாங்கள் தடுப்பதில்லை. ஆயினும் இரண்டு செய்திகளைச் சொல்லி அனுப்புவோம். காரநூலும் தசையை அறுக்கவே செய்கிறது. மெதுவாக அறுப்பதால் முனைகள் விலகிப் போகாமல் ஆறுகின்றன என்பதே அதன் சிறப்பு. ஆகவே மிக உயரமான பாதைகளில் அடக்கும் திறனுக்கான கவலை அங்கும் முற்றாக நீங்கிவிடவில்லை. இரண்டாவது, சுவர் விளம்பரக்காரர்கள் செலுத்தும் பெயரறியா எரிமருந்து ஊசி காரநூல் ஆகாது. அப்படி ஊசி போட்டுக்கொண்டு, ஆசனவாய்த் தோல் வெந்து, குழாயே சுருங்கிப்போன நிலையில் வந்தவர்களுக்கு நாங்கள் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

அடைக்கும் பொருள்கள்

இனிக் கைப்பேசியில் நீங்கள் காணும் புதிய முறைகளுக்கு வருவோம். காரநூலுக்கு நேர் எதிரான எண்ணம் இவற்றின் பின்னால் உள்ளது. பாதையைத் திறக்காமல், சுரண்டித் தூய்மை செய்து, உடல் தன் திசுவை வளர்த்துக்கொள்ள ஒரு சாரத்தை உள்ளே வைப்பது. கட்டடம் எழும்வரை சாரம் நிற்கும், எழுந்தபின் கரைந்துபோகும்.

முதலில் வந்தது ஃபைப்ரின் பசை. நமக்குக் காயம் பட்டால் இரத்தம் உறைவது ஏன்? இரத்த நீரிலுள்ள ஃபைப்ரினோஜன் என்னும் புரதம், திராம்பின் என்னும் நொதியோடு சேர்ந்து வலை போன்ற உறைவாக மாறுவதால்தான். அவ்விரண்டையும் மனித இரத்த நீரிலிருந்து பிரித்து, வைரஸ்களை அழிக்கும் முறைகளுக்கு உட்படுத்தி, இரண்டு ஊசிக்குழல்களில் நிரப்பித் தருகிறார்கள். பாதைக்குள் இரண்டையும் ஒருசேரச் செலுத்தினால் நொடிகளில் உறைந்து பாதையை நிரப்பிவிடும். தசைக்குச் சேதமில்லை, வலி குறைவு, அன்றே வீடு திரும்பலாம். தொடக்கத்தில் பலரும் மகிழ்ந்தார்கள். ஆனால் பசை ஓரிரு வாரங்களில் கரைந்துவிடுகிறது. சிலரிடம் மலம் கழிக்கும் அழுத்தத்தில் அதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. மூடியது போலத் தோன்றிய பாதைகள் சில மாதங்களில் மீண்டும் திறந்துகொண்டன. இப்போது நாங்கள் இதை அரிதாகவே பரிந்துரைக்கிறோம்.

அடுத்து வந்தது கொலாஜன் அடைப்பான். பன்றியின் சிறுகுடல் சுவரில் நடுவிலுள்ள ஒரு படலத்தை எடுத்து, அதிலிருந்து உயிரணுக்கள் அனைத்தையும் நீக்கி, எஞ்சிய கொலாஜன் வலையைக் கூம்பு வடிவில் சுருட்டி உலர்த்தியது. உயிரணு இல்லாததால் உடல் அதைப் பெரிதாக எதிர்ப்பதில்லை. நம் உயிரணுக்கள் அந்த வலைக்குள் குடியேறி, சில மாதங்களில் அதை நம் திசுவாகவே மாற்றிவிடும் என்பது எதிர்பார்ப்பு. உள்வாயிலிருந்து வெளிவாய் நோக்கி அடைப்பானை இழுத்துச் செருகி, உள்வாயைத் தைத்து மூடி, வெளிவாயை நீர் வடிவதற்காகத் திறந்தே விடுவார்கள்.

2006இல் அமெரிக்காவிலிருந்து வந்த முதல் ஒப்பீட்டில் 25 பேர் இடம்பெற்றனர். அடைப்பான் வைத்த 15 பேரில் 13 பேருக்குப் பாதை மூடியது. பசை ஊற்றிய 10 பேரில் 4 பேருக்கே மூடியது. இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. பிறகு வந்த ஆய்வுகளில் வெற்றி விகிதம் படிப்படியாக இறங்கியது. மருத்துவ உலகில் இது அடிக்கடி நடப்பதுதான்: முதல் அறிக்கை சிறிய குழுவிலிருந்து, தேர்ந்தெடுத்த நோயாளிகளிடமிருந்து, குறுகிய காலக் கண்காணிப்பிலிருந்து வரும். பிரிட்டனில் 304 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அடைப்பானும் மறு பிரிவினருக்கு மருத்துவர் தேர்ந்த பிற அறுவையும் செய்து, ஓராண்டு கண்காணித்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியாயிற்று. அடைப்பான் பிரிவில் 54 விழுக்காட்டினரும், மறு பிரிவில் 55 விழுக்காட்டினரும் குணமடைந்திருந்தனர்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? "பாதிப் பேருக்குத்தானா?" என்று சோர்வதும் பிழை, "அறுவைக்குச் சமமாயிற்றே!" என்று துள்ளுவதும் பிழை. ஆய்வில் இருந்தவை தசையைக் கடந்து செல்லும் பவுத்திரங்கள், எளியவை அல்ல. அவற்றில் எந்த முறையாலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கே ஓராண்டில் முழுக்குணம் கிடைத்தது என்பதுதான் கசப்பான உண்மை. அடைப்பானுக்குச் சாதகமாக எஞ்சியிருப்பது ஒன்று: அது தோற்றாலும் தசை அப்படியே இருக்கிறது. பாதகம், விலை. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் என்பதால், தோற்றால் பணம் போனது போனதுதான். பணம் கட்டும் முன், காப்பீட்டு அட்டை அப்பொருளின் விலையையும் ஏற்குமா, அறுவையை மட்டும் ஏற்குமா என்பதைக் காப்பீட்டு உதவி மேசையில் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

எங்கள் துறையில் அண்மையில் நிகழ்ந்த ஓர் உரையாடலை இங்கே சொல்லலாம். குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்யும் ஒருவர், தம் மனைவியோடு வந்திருந்தார். உயரமான பாதை, ஏற்கெனவே வேறோரிடத்தில் இருமுறை அறுவை நடந்திருந்தது. மூன்று வழிகளையும் விளக்கினோம். அவர் கேட்டது: "டாக்டர், எதில் சீக்கிரம் தறிக்குப் போகலாம்?" அவர் மனைவி குறுக்கிட்டு, "அதை விடுங்க, எதில் இவருக்கு அடக்கமுடியாமப் போகாது, அதைச் சொல்லுங்க" என்றார். இருவரின் கேள்வியும் சரியானதே. ஆனால் அவற்றின் விடைகள் வெவ்வேறு. அவர்கள் ஒரு வாரம் யோசித்து வந்து தேர்ந்த வழியை நாங்கள் செய்தோம். எது என்பது இங்கே முக்கியமன்று. உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாமலும் போகலாம்.

பன்றியின் குடலிலிருந்து செய்யப்பட்டது என்பதைப் பலரும் கேட்டு அறிவதில்லை. சில இடங்களில் சொல்லப்படுவதுமில்லை. சில இசுலாமிய நோயாளிகளுக்கு அது ஏற்புடையதன்று. சிலர் தம் சமயப் பெரியவரைக் கேட்டபின் மருத்துவத் தேவை கருதி ஏற்கிறார்கள். மாட்டுத்தோலிலிருந்து பெறும் கொலாஜன் சில இந்துக் குடும்பங்களுக்கு மனத்தடையாகிறது. சைவ உணவினர் சிலர் இரண்டையும் மறுக்கிறார்கள். எந்தப் பொருள் எவ்வுயிரிலிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேட்டுவிடுங்கள்.

ஸ்டெம்செல் பற்றி

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். இதில்தான் அதிகம் ஏமாறவும் செய்கிறார்கள். குரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோயால் வரும் பவுத்திரங்கள் மிகக் கடினமானவை. நலமான கொடையாளரின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்து வளர்த்த ஸ்டெம்செல்களை அப்பாதையைச் சுற்றிலும் செலுத்தும் ஒரு மருந்தை, 212 நோயாளிகளிடம் சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டார்கள். 24 வாரங்களில் மருந்து பெற்றோரில் 50 விழுக்காட்டினரும், வெறும் நீர்மம் பெற்றோரில் 34 விழுக்காட்டினரும் நலமடைந்திருந்தனர். ஐரோப்பாவில் 2018இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. பிறகு இன்னும் பெரிய ஆய்வில் அந்த வேறுபாடு தெரியாமல் போயிற்று. 2024 டிசம்பரில் ஐரோப்பியச் சந்தையிலிருந்து அது திரும்பப் பெறப்பட்டது. நேர்மையாகச் சோதித்து, பலனில்லை என்றதும் விலக்கிக்கொண்டது பாராட்டுக்குரியது. ஆனால் அந்த 2016ஆம் ஆண்டுச் செய்தியை மட்டும் வெட்டி ஒட்டி, "பவுத்திரத்துக்கு ஸ்டெம்செல்" என்று பெருந்தொகை கேட்கும் விளம்பரங்கள் இன்றும் சுற்றுகின்றன. இந்தியாவில் இத்தகைய ஸ்டெம்செல் சிகிச்சை, ஒப்புதல் பெற்ற ஆய்வின் பகுதியாகவே தரப்பட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. முறையான ஆய்வில் சேரும் நோயாளியிடம் சோதனைப் பொருளுக்குப் பணம் கேட்கமாட்டார்கள். பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்துவிடுங்கள்.

"உயிரியல் மருந்து" என்ற பெயரில் குரோன்ஸ் நோயாளிகளுக்குத் தரப்படும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள் வேறு. அவை பாதையை அடைப்பவை அல்ல. அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுப்பவை. குரோன்ஸ் பவுத்திரங்களில் அவற்றின் பயன் 1999இலேயே நிறுவப்பட்டது. சாதாரணப் பவுத்திரத்துக்கு அவை பொருந்தா. மேலும், மறைந்திருக்கும் காசநோயை அவை கிளறிவிடக்கூடும் என்பதால், முதலில் அதற்கான சோதனை செய்த பின்னரே தொடங்குவோம்.

காசநோய் என்றதும் இன்னொன்று. நம் நாட்டில் பவுத்திரமே காசநோயால் வருவதுண்டு. நுரையீரலில் அறிகுறி ஏதுமில்லாமலும் இருக்கலாம். அதனால்தான் எந்த முறையில் சிகிச்சை செய்தாலும் பாதையின் சுவரிலிருந்து சிறிது சதையை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். காசநோய் என்று தெரிந்தால் மாதக்கணக்கில் உண்ணும் மருந்தே முதன்மைச் சிகிச்சை. அதைக் கண்டறியாமல் எத்தனை விலையுயர்ந்த அடைப்பானை வைத்தாலும் நிற்காது. கட்டணச் சீட்டில் "பயாப்ஸி" என்று காணும்போது, இது வேண்டாத செலவு என்று நினைத்துவிடாதீர்கள்.

அடைப்பான் வைப்பது என்று முடிவானால்

உடனே வைத்துவிட முடியாது. உள்ளே சீழ் இருக்கும்போது அடைத்தால், வாய்க்காலை அடைத்ததும் நீர் கரையை உடைப்பது போலச் சீழ் வேறு வழியில் பாயும். முதலில் சீழை வெளியேற்றி, பாதையில் ஒரு தளர்வான நூலையோ ரப்பர் வளையத்தையோ போட்டுச் சில வாரங்கள் காத்திருப்போம். ஏரியில் புதுவெள்ளம் கலங்கி இருந்து, மெல்லத் தெளிவதைத் தாமல் மக்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அந்தத் தெளிவுக்காகத்தான் இந்தக் காத்திருப்பு. நூல் உறுத்தாது, வலிக்காது, வேலைக்குப் போகலாம். நீர் மட்டும் கசிந்துகொண்டிருக்கும். இந்த நூலையே தோல்வி என்று எண்ணிச் சிலர் இடையில் வராமலேயே போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை ஆகிய மூன்றையும் நிறுத்த வேண்டும்; புகையிலை சிறு இரத்த நாளங்களைச் சுருக்கிப் புதிய திசு வளர்வதைத் தடுக்கும். புதிய முறைகள் தோற்றுப்போன பலரிடம் நாங்கள் பின்னர் கண்டறிந்த காரணம் இதுவே.

அடைப்பான் வைத்தபின் இரண்டு வாரங்கள் அது பெயர்ந்து விழாமல் காக்க வேண்டும். குந்தி உட்காருதல், கனமான பொருளைத் தூக்குதல், இருசக்கர வண்டியில் நெடுந்தூரம் போதல் வேண்டாம். குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை அழுத்தும்போது அடிவயிற்றிலும் ஆசனவாயிலும் அழுத்தம் ஏறும். ஆகவே நெய்தலும் அந்நாட்களில் கூடாது. பாவு சுற்றுதல் போன்ற நின்றுசெய்யும் இலேசான வேலைகள் செய்யலாம். முக்காமல் மலம் போக வேண்டும் என்பதற்காகக் கீரை, கேழ்வரகு, வாழைத்தண்டு, தோலோடு பயறு, போதிய நீர் இவற்றைச் சேர்ப்பதோடு, மலமிளக்கியும் தருவோம். வெந்நீர்த் தொட்டியில் அமர்வது பிற பவுத்திர அறுவைகளுக்கு இதமானது. அடைப்பான் வைத்தவர்கள் மட்டும் முதல் சில நாள் அதைத் தவிர்த்து, மேலே நீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

வெளிவாயிலிருந்து பல வாரங்கள் நீர் கசியும். அது இயல்பு. வெளிவாயைப் பஞ்சு திணித்து அடைக்கக் கூடாது. வீட்டார் நாள்தோறும் ஒருமுறை அவ்விடத்தைப் பார்க்க நோயாளி இசைவது நல்லது. வெட்கப்பட்டுத் தனியே கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளும் முதியவர்கள், சிவந்து வீங்குவதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். காய்ச்சல், துடிக்கும் வலி, புதிய வீக்கம், சிறுநீர் கழிக்க முடியாமை, அடைப்பான் துண்டு வெளியே வந்துவிடுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் அடுத்த வாரச் சந்திப்பு வரை காத்திராமல், இரவானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

தோற்றால் என்ன? பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். மீண்டும் நூல் போட்டு, பாதை அமைதியடைந்தபின் வேறு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். 2007இல் தாய்லாந்தின் அருண் ரோஜனசகுல் விளக்கிய முறையில், இரு வளையத் தசைகளுக்கும் இடையே நுழைந்து பாதையைக் கட்டி அறுப்பார்கள். அதற்கு அயற்பொருள் எதுவும் வேண்டாம், செலவும் குறைவு. உள்வாயின்மேல் அருகிலுள்ள சவ்வை இழுத்து மூடித் தைக்கும் முறையும் உண்டு. சிலருக்கு, குறிப்பாகக் குரோன்ஸ் நோயாளிகளுக்கும் பலமுறை அறுவை ஆனவர்களுக்கும், தளர்வான நூலை ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது என்று நாங்கள் சொல்ல நேர்வதும் உண்டு. குணம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் சீழ்க்கட்டி வராது, தசை போகாது, தறி நிற்காது.

சந்திப்புக்கு வரும்போது பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும், இதற்குமுன் எங்கு என்ன அறுவை நடந்தது என்ற சீட்டையும் கொண்டுவாருங்கள். சுவர் விளம்பரத்தை நம்பி ஏதேனும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம். எந்த முறை என்பதைப் பாதியளவு அதுவே தீர்மானிக்கிறது.